குடைக்காரன் படம்

அரியரத்தினத்தை நாங்கள் எல்லோரும் அரியம் அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். யப்பானிய வாள்வீச்சுப் படங்களை, மைக் பிடித்து, எங்களுக்குத் தமிழில் விளக்கியவர் அவர். யாழ்ப்பாணத்தில் இருந்த என் தங்கை யோகாவுக்கு நாங்கள் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையும் அவர்தான். அவரை நம்பி அவள் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, கொழும்பு போய் விமானம் ஏறுவதற்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். 

நடந்தது எழுபத்தெட்டில். சிட்னியில் அப்போது தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். ஒரு தமிழ்ப் படம் பார்ப்பதென்றால் சிங்கப்பூரிலிருந்து யாராவது சுருளைச் சுமந்துகொண்டு வரவேண்டும். வந்தாலும் பாதி வழியில் அறுந்துபோகும். அந்த நிலையில்தான் தனபாலன் எங்களுக்குக் கிடைத்தான். மலேசியாவில் ஈப்போக்காரன், படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவன். பாடசாலைகளுக்கும் கழகங்களுக்கும் படச்சுருள் வாடகைக்குக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் அவனுக்கு வேலை. அங்கே யாருமே கேட்காத யப்பானியப் படங்கள் ஒரு தட்டு நிறையத் தூசி பிடித்துக் கிடந்தன. முதலாளியிடம் சொல்லிவிட்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக் கொண்டுவருவான், புரொஜெக்டரையும் கொண்டுவருவான். பார்க்க ஆளில்லாத படமும் படமில்லாத ஆட்களுமாக நாங்கள் சேர்ந்துகொண்டோம்.

இடம், சிட்னிப் புறநகர் நார்த்மீட்டில் ஒரு தேவாலயத்தின் பின்பக்க மண்டபம். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். படம் பார்க்க வருகிறவர்கள் வடையும் ரோல்ஸும் கொண்டு வருவார்கள். முன் வரிசைக் கதிரைகளில் பெண்களும் வயதானவர்களும் பிள்ளைகளும். ஆம்பிளைகள் எல்லோரும் பின்னால், கதவுக்குப் பக்கத்தில், தேநீர்ப் பிளாஸ்க்கோடு. அப்படி இருக்கச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. நாங்களாகவே போய் அப்படி இருந்தோம்.

ஒரே ஒரு சிக்கல். படத்தில் பேசுவது யப்பானிய மொழி, கீழே ஓடுவது ஆங்கில எழுத்து. நான் தமிழில் படித்துப் பட்டம் வாங்கியவள். ஆங்கிலப் பத்திரிகையை மேசையில் விரித்து வைத்தால் ஆறுதலாக, நேரம் எடுத்து, வாசித்து விளங்கிக்கொள்வேன். இந்த எழுத்துக்களோ பஸ்ஸுக்குப் பிந்தின சனம் மாதிரி ஓடும். என் நிலையே அப்படியென்றால் மற்ற அன்ரிமாருக்குக் கேட்கவே வேண்டாம். பின்னால் இருந்த ஆம்பிளைகளுக்கு அந்தக் குறைச்சல் இல்லை. கந்தோர்களில் மேசை வேலை பார்ப்பவர்கள், ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு.

அதனால் அரியம் அண்ணை மைக்கைக் கையில் எடுத்தார். அந்த மனுசனுக்குக் குரல் வரம். கிழவன் பேசினால் கிழவன், பெண் பேசினால் பெண். மழை பெய்தால் அவர் குரலும் நனையும். வாளை உருவமுன்னர் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார். நாங்கள் மூச்சை நிறுத்துவோம்.

இந்தப் படங்களில் எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. கதாநாயகன் பார்வைக்கு நல்லவனாகவே இருக்க மாட்டான். தாடையைச் சொறிவான், குடிப்பான், நண்பன் அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் சிரிப்பான். "உவன்ர முழியே சரியில்லை" என்று நான் முணுமுணுப்பேன். அடுத்த நிமிடமே அரியம் அண்ணையின் குரல் உருகும். இவன் ஏன் நண்பனை வெட்டுகிறான் தெரியுமோ, அந்த நண்பன் இவன் தாய்க்குச் செய்த கொடுமை அப்படி. இவன் ஏன் பொய் சொல்கிறான் தெரியுமோ, ஒரு அநாதைப் பிள்ளையைக் காப்பாற்ற. கேட்டதும் அந்த முழி எங்களுக்கு நல்ல முழியாகிவிடும். படம் அவனைச் சுற்றித்தானே போகிறது, நடுவில் நிற்பவன் கெட்டவனாக இருப்பானா? நாங்கள் பார்த்து வளர்ந்த படங்கள் அப்படி. கதாநாயகன் என்றால் நல்லவன், அதில் எங்களுக்குக் கேள்வியே கிடையாது.

பார்த்தசாரதி என்று மயிலாப்பூர்க்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய தாயாரை எல்லோரும் மாமி என்போம். ஒவ்வொரு படம் முடிவிலும் மாமி முந்தானையால் கண்ணைத் துடைப்பார். "பாவம், எவ்ளோ கஷ்டப்பட்டுட்டான்! நம்ம அரியம் சொன்னா நேர்ல பாக்கற மாதிரி இருக்கு" என்பார்.

நம்ம அரியம். ஓம், எல்லோருக்கும் அவர் அப்படித்தான். நாங்கள் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் நின்றவர் அவர். வீடு பார்த்துத் தந்தவர் அவர். என் கணவர் ஆனந்தராஜாவைத் தன்னுடைய கந்தோரிலேயே கட்டடப் படம் வரையும் வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர். தன்னைப்பற்றி அதிகம் சொல்ல மாட்டார். முன்னர் மெல்பேணில், கிளென் வேவர்லியில் இருந்தவராம். ஒரு சிநேகிதனோடு ஒரே வீட்டில் இருந்தாராம். "நம்பினனான் அக்கா. ஒரு சூட்கேசோட வெளிக்கிட வேண்டியதாப் போச்சு" என்று ஒருநாள் என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து சொன்னார். அதோடு நிறுத்திவிட்டார். மிச்சத்தை நாங்கள் நிரப்பிக்கொண்டோம், அவருக்குச் சாதகமாகத்தான்.

சம்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் கணவர். "யோகாவை அரியத்துக்குக் கேட்டால் என்ன?" என்றார். எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. இந்தத் தேசத்தில் எனக்கென்று ஒரு சொந்தம் வரப்போகிறது, அதுவும் என் யோகா. உடனே ஊரில் ஐயாவுக்கு, எங்கள் அப்பாவுக்கு, எழுதினேன். ஐயா பதிலை எனக்கு எழுதவில்லை, இவருக்கு எழுதினார். "மருமகன் சொன்னால் எனக்குச் சரி" என்று ஒரு வரி. ஐயாவுக்கு நான் வாய்க்காரி. என் பேச்சில் பாதியைத் தள்ளித்தான் எடுப்பார். மருமகன் வாயைத் திறப்பது குறைவு, அதனால் திறந்தால் வேதவாக்கு.

ஒரு விசயம் மட்டும் எனக்குக் கொஞ்சம் இடித்தது. எங்கள் ஆட்களில் முதலில் எழுத்து, அதுதான் பதிவு, அது முடிந்த பிறகே தாலி. அரியம் அண்ணை மாறிச் சொன்னார். "யோகா விசிற்றர் விசாவில வரட்டும். முதல்ல தாலியைக் கட்டுவம். எழுத்து இஞ்சை எப்பவும் எழுதலாம்தானே" என்றார். நான் என் கணவரைப் பார்த்தேன். இவர் கோப்பையில் இருந்த பிளேன்ரீயைப் பார்த்தார். சரி, நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு என்று நானும் விட்டுவிட்டேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்கு மதி எங்கே போயிற்று?

அந்த வருடம் ஒரு படம் எங்களை உலுக்கியது. அதன் பெயர் யாருக்கும் வாயில் நுழையாததால் குடைக்காரன் படம் என்றோம். ஹயாமி என்றொரு வாள்வீரன், எந்நேரமும் எண்ணெய்த்தாள் குடையோடு திரிவான். அரியம் அண்ணை சொன்ன கதை இது. ஹயாமியின் மைத்துனன் தன் பிரபுவைக் கொன்றுவிடுகிறான். நீதிக்காக, நெஞ்சில் இரத்தம் வடிய, ஹயாமி அவனைக் காட்டிக் கொடுக்கிறான். அதற்காக மனைவி அவனை வெறுத்து இன்னொருவனோடு போய்விடுகிறாள். பிறகு மனம் திருந்தி, பனி கொட்டக் கொட்ட, வாசலில் வந்து மண்டியிடுகிறாள். அவன் பேசாமல் குடையோடு கடந்து போகிறான். கடைசியில் ஒரு நாதியற்ற பெண்ணுக்கு வாழ்க்கை கொடுக்கிறான்.

பனிக் காட்சியில் முன் வரிசை முழுவதும் அழுதது. நானும் அழுதேன். அந்த நேரம் பின்னால் ஆம்பிளைகள் கெக்கலித்துச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி, "உங்களுக்கு நெஞ்சில ஈரமே இல்லையோ?" என்று சத்தம் போட்டேன். சிரிப்பு அடங்கியது. இவரும் அந்தக் கூட்டத்துக்குள்தான் நின்றார், கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

மாமிக்கு அந்தப் படத்தைத் திரும்பவும் பார்க்க வேண்டுமாம். தனபாலன் சரி என்றான். ஆனால் அரியம் அண்ணை வேலை விசயமாக மெல்பேண் போய் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புவார், படம் தொடங்கமுன்னர் வந்துசேர மாட்டார். மாதத்தில் ஒருமுறையாவது அவருக்கு அங்கே வேலை விழும். "ராஜி சொல்லட்டுமே. கதைதான் தெரியுமே. அவ வாய்க்கு மைக்கே வேண்டாம்" என்று என்னைக் காட்டினார் மாமி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் ஒருமுறை பார்த்ததை வைத்துக்கொண்டு சபையில் உளறக் கூடாது. ஒத்திகைக்காக முதல் நாள் சனிக்கிழமை காலையில் தனபாலனின் வீட்டுக்குப் போனேன்.

அவன் கார் நிறுத்தும் கராஜில், சுவரில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிப் படத்தை ஓட்டினான். படம் சின்னதாக, எழுத்துப் பளிச்சென்று விழுந்தது. நான் பக்கத்தில் இருந்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். பிந்தினால் நிறுத்தச் சொல்வேன். அவன் பின்னுக்கு ஓட்டித் திரும்பக் காட்டுவான். பிரபுவைக் கொல்லும் இடம் வந்தது. கொன்றவன் முகம் இருட்டில் இருக்கும், போன தடவை மைத்துனன் என்று அரியம் அண்ணை சொன்னார். இப்போது கீழே எழுத்து ஓடியது. "ஹயாமி, நீயா?" என்று பிரபு கேட்கிறான்.

"தம்பி, பின்னுக்கு ஓட்டும்" என்றேன்.

திரும்பவும் "ஹயாமி, நீயா?"

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. தான் செய்த கொலையை ஹயாமி மைத்துனன் தலையில் போடுகிறான். அதற்குத் தண்டனையாக மைத்துனன் தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொண்டு சாகிறான். மனைவி யாரோடும் ஓடவில்லை. அவன் புதுப் பிரபுவின் மகளைக் கட்டப் போகிறான், அதனால் இவளை விட்டுவிடுகிறான். பனிக்குள் மண்டியிட்டு அவள் கேட்பது மன்னிப்பும் இல்லை. "என் அண்ணனைக் கொன்றீர்கள். என்னையும் கொன்றுவிட்டுப் போங்கள்" என்கிறாள். அவன் சொல்லும் பதில்: "வழியை விடு. குடை நனைகிறது."

கடைசியில் யாரும் வந்து அவனைத் தண்டிக்கவும் இல்லை. வயதாகி, பட்டுடுத்தி, தோட்டத்தில் இருக்கிறான். ஒரு வேலைக்காரன் அவனுக்குக் குடை பிடிக்கிறான். அவ்வளவுதான் படம்.

"கெட்டவனா இவன்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னப்பிள்ளைக் குரல் போலக் கேட்டது.

"ஆமாக்கா. இந்தத் தட்டுல இருக்கிற படம் எல்லாமே அப்படித்தான். ஹீரோவே கெட்டவன். அதுதான் எனக்குப் புடிக்கும். அவன் பேர்ல படம் ஓடுது, அதுக்காக நல்லவன் ஆயிடுவானா-லா?" என்று ஈப்போப் பாணியில் இழுத்தான்.

"எல்லாப் படமுமோ? அப்ப அரியம் அண்ணை ஏன் மாத்திச் சொன்னவர்?"

தனபாலன் புரொஜெக்டரை நிறுத்தினான். சுருளைக் கழற்றுவது மாதிரிக் குனிந்தான். "படத்த மட்டுமா மாத்திச் சொன்னாரு?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டான். "அக்கா, உங்களுக்குத் தெரியும்தானே? உங்க வீட்டுக்காரர் சொல்லியிருப்பாருல்ல?"

"என்னத்தை?"

அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை, சொன்னான். செல்வராணி என்று அவனுடைய ஊர்ப் பெண் ஒருத்தி மெல்பேணில் நர்ஸ். அரியரத்தினம் அவளைப் பதிவுத் திருமணம் செய்தவர். மூன்று வயதில் ஒரு ஆண் குழந்தை. அவர் சிட்னியில் வேலை எடுத்து, நல்ல வீடு பார்த்ததும் கூட்டிப் போவார் என்று அவள் கிளென் வேவர்லியில் அதே வீட்டில் இருக்கிறாள். மெல்பேண் போனால் அவர் தங்குவது அங்கேதான்.

"துரோகம் செய்த சிநேகிதன்?"

"எந்த சிநேகிதன்கா?"

 "என்ர மனுசனுக்கு எப்ப சொன்னீர்?" என்றேன்.

"சம்பந்தம்னு பேச்சு வந்தப்பவே சொல்லிட்டேன்கா. சரி, நான் பாத்துக்கிறேன்னாரு. அப்புறமும் கல்யாணம் நடக்குதுன்னதும், அந்தப் பக்கத்த முடிச்சிடுவாங்க, நீங்க எல்லாம் பேசிட்டீங்கன்னு நினைச்சேன்."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. இவர் குசினியில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். நான் செல்வராணி என்ற பெயரை மட்டும் சொன்னேன். உரித்த கை நின்றது. அது போதும் எனக்கு. தெரியாதவர் "ஆர் அது?" என்று கேட்டிருப்பார்.

"உண்மையான கலியாணம் இல்லையாம். பேப்பரில மட்டும்தானாம். அரியம் சொன்னவர்."

"பேப்பரில பிள்ளை பிறக்குமோ?"

"கத்தாதையும் ராஜி. அந்த உறவை வெட்டிவிடுவன் எண்டு சொன்னவர். எல்லாம் சரிவரும் எண்டுதான் நானும்..."

"என்ர தங்கச்சி! நீங்கள் கொண்டுவந்த சம்பந்தம்! ஐயா உங்கட சொல்லை நம்பித்தானே ஓம் எண்டவர்?"

"இப்ப போய் இல்லை எண்டால், தெரிஞ்சுகொண்டோ பேசினனீர் எண்டு என்னைத்தானே எல்லாரும் கேப்பினம்? நான் எந்த முகத்தோட கந்தோருக்குப் போறது?"

இத்தனை வருடமாக அந்த வாயின் மௌனத்தை நான் பொறுமை என்று நினைத்திருந்தேன். ஊரெல்லாம் அப்படித்தான் சொன்னது. ஆனந்தராஜா தங்கம், வாயே திறவாது. எனக்கு அப்போது அரியரத்தினத்தின் மேல் வந்த கோபம் பெரிதில்லை. அவன் யார், வெளியாள். இந்த மனுசன் ஒவ்வொரு ஞாயிறும் என் பின்னால் நின்றவர். என் வீட்டுக்குள் இருந்தவர்.

"படம்? அதுவும் தெரியுமோ?" என்றேன்.

இவர் தோடம்பழத் தோலைக் குவித்தார். "பின் வரிசையில எல்லாருக்கும் தெரியும். வாசிக்கத் தெரிஞ்ச ஆக்கள்தானே. முதல் படத்திலேயே பிடிச்சிட்டம். நல்லவன் எண்டு சொன்னால்தான் நீங்கள் எல்லாம் விரும்பிப் பாப்பியள் எண்டு அரியம் சொன்னவர். பகிடியாத்தான் இருந்தது. ஒருத்தருக்கும் நட்டமில்லைத்தானே?"

அப்போதுதான் அந்தச் சிரிப்பு எனக்கு விளங்கியது. பனியைப் பார்த்து அவர்கள் சிரிக்கவில்லை. அழுதுகொண்டிருந்த எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நாங்கள் ஒரு படம் பார்த்தோம், அவர்கள் எங்களையும் சேர்த்து இன்னொரு படம் பார்த்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. பூசணிக்காயை எங்கள் முன்னால் சுவரில் வைத்து வெளிச்சம் போட்டே காட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை யோகா கொழும்புக்கு யாழ்தேவி ரயிலில் ஏற வேண்டும். கடிதம் போய்ச் சேராது. ஐயா வீட்டில் தொலைபேசி இல்லை. தந்திதான் வழி. என் பெயரில் அடித்தால் ஐயா, வாய்க்காரி புருசனோடு சண்டை பிடித்துவிட்டு எழுதுகிறாள் என்று மடித்து வைத்துவிட்டு யோகாவை ரயில் ஏற்றுவார். மருமகன் பெயரில் போக வேண்டும்.

"தந்தி அடியுங்கோ. இப்பவே. உங்களை நான் வேற ஒண்டும் கேக்கேல்லை" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"நாளைக்கு அரியம் வந்திடுவர். ஒருக்கா அவரோட கதைச்சிட்டு, படம் முடிய அடிக்கிறன். சத்தியமா."

நான் நம்பினேன். சத்தியம் என்றாரே. செல்வராணியின் பெயரை வெளியில் எடுக்க மாட்டேன் என்று நானும் சொன்னேன். அது அவருக்காக இல்லை. சபையில் அந்தக் கதை விழுந்தால் ஒரு கிழமைக்குள் யாழ்ப்பாணம் போகும். போகும்போது அரியரத்தினத்தின் பெயர் உதிர்ந்துவிடும், கலியாணம் குழம்பின பெட்டை என்று யோகாவின் பெயர்தான் மிஞ்சும்.

ஞாயிறு மத்தியானம் மண்டபம் நிறைந்துவிட்டது. திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்றேன். விளக்கை அணைக்கும் நேரம் பின்கதவு திறந்தது. அரியரத்தினம் வந்து பின் வரிசையில் என் கணவருக்குப் பக்கத்தில் நின்றார். மெல்பேணிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், கையில் அதே சூட்கேஸ். என்னைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு. அதுதான் கொடுமை.

படம் தொடங்கியது. நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். சபையில் வேறு எதையும் சொல்ல முடியாது, படத்தையாவது சரியாகச் சொல்வோம் என்று பிடிவாதமாக இருந்தேன். பிரபுவைக் கொன்றது ஹயாமி என்றதும் முன் வரிசை கசமுசா என்றது. "இல்லையே, மைத்துனன்னா?" என்றார் மாமி. நான் நிறுத்தாமல் போனேன். பனிக் காட்சி வந்தது. "வழியை விடு. குடை நனைகிறது" என்று சொன்னேன்.

"நிறுத்தும், நிறுத்தும்!" யாரோ ஒரு அன்ரி எழும்பிவிட்டார். "நல்ல மனுசனைக் கெட்டவனாக்கிப்போட்டீரே! அரியம் தம்பி இப்பிடியே சொன்னது?"

"எழுத்தில இருக்கிறதைத்தான் சொல்லுறன் அன்ரி."

"ராஜிக்கு இங்கிலீஷ் அவ்ளோ வராதோன்னோ. தப்பாப் படிச்சிருப்பா, பாவம்" என்றார் மாமி. அன்பாகத்தான் சொன்னார். எனக்கு முகம் சுட்டது.

தனபாலன் படத்தை நிறுத்திப் பின்னுக்கு ஓட்டினான். வெள்ளைப் பனியில் வெள்ளை எழுத்து, தூரத்திலிருந்து தெரியாது. திரைக்குப் பக்கத்தில் வந்தால் தெரியும். அந்த நேரம் எனக்கு ஒரே ஆளைத்தான் கூப்பிடத் தோன்றியது.

"இஞ்சருங்கோ" என்று மைக்கில் கூப்பிட்டேன். "உங்களுக்கு வடிவா வாசிக்கத் தெரியும்தானே. முன்னுக்கு வந்து, அதில என்ன கிடக்கு எண்டு சொல்லுங்கோ."

இவர் வந்தார். மெதுவாக, கதிரைகளுக்கு நடுவால். முன் வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் சொல்வதை எல்லோரும் நம்புவார்கள், ஐயாவைப் போலவே. தனபாலன் ஓட்டினான். அந்தப் பெண் பனியில் மண்டியிட்டாள். எழுத்து வந்தது. இவருடைய மூக்குக்கு முன்னால், கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் அளவுக்குப் பக்கத்தில் வந்தது. நானும் வாசித்தேன். வழியை விடு. குடை நனைகிறது.

இவர் திரையைப் பார்த்தார், பின் வரிசையைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"என்னை மன்னித்துவிடு, என் கடமை என்னை அழைக்கிறது, எண்டு கிடக்கு" என்றார்.

மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு. "பாத்தியா, நான் சொன்னேனே" என்றார் மாமி. பின்னால் யாரும் சிரிக்கவில்லை. அரியரத்தினம் முன்னுக்கு வந்து, "பரவாயில்லை அக்கா, எல்லாருக்கும் முதல் தடவை இப்பிடித்தான்" என்று என் கையிலிருந்து மைக்கை மெல்ல எடுத்துக்கொண்டார். குடைக்காரன் திரும்பவும் நல்லவனானான். மாமி முந்தானையைத் தேடினார்.

நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. படம் முடிந்து தந்தி அடிக்கிறேன் என்ற சத்தியத்தை இனி யார் நம்புவது? சுவரில் ஆள் உயரத்துக்கு விழுந்த வரியையே மாற்றி வாசித்தவர், யாழ்ப்பாணத்துக்கு எதைத்தான் எழுதமாட்டார்? ஆனால் நடந்து வரும்போது இன்னொன்றும் விளங்கியது. அவர்களுக்குப் பலம் அந்த எழுத்தில் இருக்கவில்லை. ஹயாமிக்குப் பதிலாக யார் வாயைத் திறக்கிறார்கள் என்பதில் இருந்தது. அரியரத்தினம் ஹயாமிக்காகப் பேசினார், நாங்கள் நம்பினோம். பிறகு என் கணவர் பேசினார், அதையும் நம்பினார்கள்.

தந்தியை வீட்டுத் தொலைபேசியில் சொன்னாலே எடுப்பார்கள். எண்ணைச் சுழற்றினேன். மறுமுனையில் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஐயாவின் விலாசத்தை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அப்போது வாசலில் கார் வந்து நின்றது. இவர் உள்ளே வந்தார், கையில் கார்த் திறப்பு. குசினி வாசலில் நின்றுவிட்டார்.

நான் அவரைப் பார்த்துக்கொண்டே, என் பாடசாலை ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். கலியாணத்தை நிறுத்தவும். மாப்பிள்ளைக்கு மனைவி உண்டு. யோகாவை அனுப்ப வேண்டாம். ஆனந்தராஜா.

இவருடைய முகம் வெளுத்தது. ஒரு அடி முன்னுக்கு வைத்தார்.

அந்தப் பெண் திருப்பி வாசித்துக் காட்டினாள். ஒரு சொல்லும் பிசகவில்லை. பிறகு, அனுப்புகிறவர் உங்களோடு இருக்கிறாரா, சரி என்று சொல்கிறாரா என்று கேட்டாள்.

"பக்கத்தில்தான் நிற்கிறார்" என்றேன். தொலைபேசியை அவர் பக்கம் நீட்டினேன். மறுக்க வேண்டுமென்றால் மறுக்கட்டும், ஒரு சொல் போதும். அந்தப் பெண் மறுமுனையில் காத்திருந்தாள். இவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

நான் தொலைபேசியைத் திரும்பக் காதில் வைத்தேன். "சரியாம். அனுப்புங்கள்" என்றேன்.